சுமைதாங்கிக்கு எட்டாத சுமை

தமிழ்நாட்டின் பழைய வண்டிப்பாதைகளிலும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலும் இன்னும் சில சுமைதாங்கிகள் நிற்கின்றன. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். உயரம் ஏறக்குறைய ஓர் ஆளின் தோளுக்கு வரும். தலைச்சுமையோடு வருகிறவர் "கொஞ்சம் ஒரு கை பிடிங்க" என்று யாரையும் கூப்பிட வேண்டாம். அப்படியே சரித்து இறக்கி வைத்துவிட்டு, இளைப்பாறிய பிறகு அப்படியே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். அந்த உயரத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. இக்கற்கள் பலவற்றுக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போனவள். சுமையை இறக்காமலே போய்விட்டாள். வழிப்போக்கர்களின் பாரம் இறங்க இறங்க அவளுடைய பாரமும் இறங்கும் என்று வீட்டார் நட்டு வைத்த கல் அது.

செத்தவளுக்குக் கல் நட்டார்கள். பிள்ளை போய்த் தான் மட்டும் பிழைத்தவளுக்கு எதுவும் நடவில்லை. மூன்றாம் மாத ஸ்கேனில் "ஹார்ட் பீட் வரலம்மா" என்று கேட்டவள், எட்டாம் மாதம் அசைவு நின்றுபோய், மருந்து ஏற்றி வலி வரவழைத்துப் பெற்று, வெறுங்கையோடு வீடு திரும்பியவள், இவர்கள் எங்கே போய்த் துக்கத்தை இறக்கி வைப்பது? ஆள் இல்லாத ஊர் அல்ல நம்முடையது. தாய்வீடு இருக்கிறது, அக்கம்பக்கம் இருக்கிறது, பேர் எழுதி வைத்திருக்கும் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். இத்தனை பேர் இருந்தும் இந்த ஒரு சாவுக்கு மட்டும் யார் என்ன செய்வது என்ற வழக்கம் நம்மிடம் இல்லை. வழக்கம் இல்லாத இடத்தில் எல்லோரும் வாயடைத்து நிற்கிறார்கள். அல்லது எதையோ சொல்லி வைக்கிறார்கள்.

மகப்பேறு மருத்துவமனையின் நோயாளி அட்டையில் ஒரு மூலையில் 'ஜி2 பி1 எல்0 ஏ1' என்பதுபோல ஒரு குறிப்பு இருக்கும். ஜி என்பது எத்தனை முறை சூல்கொண்டாள் என்பது. பி, பிரசவம். எல், உயிரோடு இருக்கும் பிள்ளைகள். ஏ, கலைந்தவை. இரண்டு முறை உண்டானாள், ஒன்று பாதியில் கலைந்தது, ஒன்று பிரசவம்வரை வந்தது, கையில் பிள்ளை இல்லை. எட்டு எழுத்துகளுக்குள் ஒரு வாழ்க்கை. மருத்துவர் அதை மருத்துவக் காரணத்துக்காகத்தான் எழுதுகிறார். ஆனாலும் அந்த இரண்டையும் கணக்கில் வைத்திருக்கிற ஒரே காகிதம் பெரும்பாலும் அதுதான்.

எண்ணிக்கை சிறியதல்ல. 28 வாரமோ அதற்கு மேலோ ஆன கரு உயிரின்றிப் பிறப்பதை உலக சுகாதார நிறுவனம் 'இறந்து பிறப்பு' என்று கணக்கிடுகிறது. ஐ.நா. அமைப்புகள் 2020ல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் 16 விநாடிக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது, ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம். 2019ல் இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 3.4 லட்சம், வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. அதற்கு முந்திய மாதங்களில் கலைபவை இன்னும் பல மடங்கு. லான்செட் மருத்துவ இதழ் 2021ல் வெளியிட்ட தொடர் கட்டுரைகள், உலகில் ஆண்டுக்கு 2.3 கோடி கருச்சிதைவுகள் என்றும், தெரியவந்த கர்ப்பங்களில் சுமார் 15 சதவீதம் இப்படி முடிகின்றன என்றும் மதிப்பிட்டன. அதாவது, உங்கள் தெருவில் நாலைந்து வீடுகளிலாவது இது நடந்திருக்கிறது. எந்த வீடு என்று உங்களுக்குத் தெரியாது.

முன்பு தெரிந்திருந்தது. எத்தனை பிள்ளை என்று கேட்டால் பழைய பாட்டிகள் ஒற்றை எண் சொல்ல மாட்டார்கள். "பெத்தது எட்டு, நின்னது அஞ்சு" என்பார்கள். நிற்காத மூன்றும் அந்தக் கணக்கில் உண்டு. அடுத்தடுத்துப் பறிகொடுத்த பிறகு பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் ஒருமுறை கிடத்தி எடுத்துக் குப்புசாமி என்றோ குப்பம்மாள் என்றோ பெயர் வைத்தார்கள். தவிட்டுக்கு விற்று வாங்கினார்கள். மூக்குக் குத்தி மூக்கன், மூக்காயி என்றார்கள். பிச்சை என்றார்கள். எமன் கண்ணில் படாமலிருக்கச் செய்த தந்திரம் என்று நாம் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் அதற்கு முன்னே போனவையும் சேர்ந்தே நினைக்கப்பட்டன என்பது எனக்கு அண்மையில்தான் உறைத்தது. இறந்ததற்குப் பெயர் வைக்க வழியில்லாத சமூகம், அதன் சுவட்டைப் பிழைத்ததன் பெயரில் எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பிள்ளை பாவம், பிறக்கும்போதே இன்னொருவரின் துக்கத்தைச் சுமந்தது என்பதும் உண்மைதான்.

இன்னும் பின்னால் போனால் புறநானூற்று 74ஆம் பாட்டு இருக்கிறது. சோழன் சிறையில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியது. தங்கள் குடியில் குழந்தை இறந்தாலும், உருவம் கூடாத வெறும் தசைப்பிண்டமாகவே பிறந்தாலும்கூட, இது ஓர் ஆளே இல்லை என்று ஒதுக்கிவிடாமல் வாளால் கீறித்தான் அடக்கம் செய்வார்கள் என்கிறான். இதில் தாயின் கண்ணீர் எங்கும் இல்லை; இது முழுக்க மறக்குடியின் மானம் பற்றிய பேச்சு. அதைத் துக்க இலக்கியமாக வாசித்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். ஆனால் உருப்பெறாத பிண்டத்தையும் ஓர் 'ஆள்' கணக்கில் சேர்க்கலாமா என்ற கேள்வி தமிழுக்குப் புதிதல்ல என்பதற்கு அது சாட்சி. பேச்சுமொழியிலும் இதற்குத் தடம் உண்டு. கரு உருவாகாமல் நஞ்சுத் திசு மட்டும் திராட்சைக் குலைபோல வளர்ந்துவிடும் கோளாறை நம் மருத்துவர்கள் இன்றும் 'முத்துப்பிள்ளை' என்றுதான் சொல்கிறார்கள். பெரும்பாலும் அதில் பிள்ளையே கிடையாது. ஆனாலும் அவள் அதைப் பிள்ளை என்று நினைத்துத்தான் சுமந்தாள் என்பதை மொழி விட்டுக்கொடுக்கவில்லை.

இனி மருத்துவமனைக்கு வருவோம். குழந்தை இறந்து பிறந்தால் பெரும்பாலான இடங்களில் என்ன நடக்கிறது? துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து தகப்பனிடமோ மாமியாரிடமோ காட்டுவார்கள். "அவ பாக்க வேணாம், தாங்க மாட்டா" என்று யாராவது ஒரு பெரியவர் முடிவு செய்வார். சின்னக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். அவளுக்கு மயக்கம் தெளிவதற்குள், தையல் போட்டு வார்டுக்கு மாற்றுவதற்குள், தகப்பனும் மச்சானும் ஒரு துண்டில் பொதிந்து எடுத்துப் போய் மண்ணைத் தள்ளிவிட்டு வந்துவிடுவார்கள். காரியம் இல்லை, பதினாறாம் நாள் இல்லை. தாலாட்டும் கிடையாது, ஒப்பாரியும் கிடையாது. எங்கே புதைத்தார்கள் என்று அவள் கேட்க மாட்டாள்; கேட்டாலும் "எதுக்கு அதெல்லாம் இப்ப?" என்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது சென்னையில் ஓர் அரசு மருத்துவமனை, இறந்து பிறந்த குழந்தையைத் தகப்பனிடம் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தது பெரிய செய்தியானது. விசாரணை நடந்தது, ஊழியர் ஒருவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். துணி சுற்றிக் கொடுத்திருந்தால் அது செய்தியாகியிருக்காது. செய்தியாகாத நாட்களில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை.

இந்த அவசரம் நமக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டனிலும் 1970கள் வரை இதேதான். இறந்த குழந்தையைத் தாய்க்குக் காட்டாமல் எடுத்துப் போய், மருத்துவமனை தன் ஏற்பாட்டில் எங்கோ புதைத்துவிடும். மனநல மருத்துவர் ஸ்டான்ஃபோர்டு போர்ன் 1968ல் வெளியிட்ட ஆய்வுக்காகக் குடும்ப மருத்துவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, இறந்த குழந்தையைப் பெற்ற அவர்களுடைய நோயாளிகளைப் பற்றி விசாரித்தார். அந்த மருத்துவர்கள் எதையும் கவனிக்கவோ நினைவில் வைத்துக்கொள்ளவோ விரும்பவில்லை என்பதுதான் அவருக்குக் கிடைத்த விடை. தாயின் துக்கத்தைத் தேடிப் போனவர் மருத்துவர்களின் மறதியைக் கண்டுபிடித்தார். 1976ல் இமானுவேல் லூயிஸ் என்ற மனநல மருத்துவர் லான்செட்டில் எழுதினார்: நினைவென்று எதுவுமே இல்லாத ஒன்றை எண்ணித் துக்கப்படுவது கடினம், ஆகவே பெற்றோர் குழந்தையைப் பார்க்கட்டும், தூக்கட்டும், பெயர் வைக்கட்டும், தாங்களே அடக்கம் செய்யட்டும். அதே ஆண்டு பெல் மூனி என்ற பத்திரிகையாளர் தன் இறந்து பிறந்த மகனைப் பற்றிக் கார்டியன் நாளிதழில் எழுத, தங்களுக்கும் இப்படித்தான் என்று பெண்களின் கடிதங்கள் வந்து குவிந்தன. அந்த அலையில் 1978ல் உருவானதுதான் 'சாண்ட்ஸ்' என்ற பெற்றோர் அமைப்பு. இழந்தவர்களே இழந்தவர்களுக்குத் துணை என்பதே அதன் அடிப்படை.

ஆனால் ஒரு மௌனத்தை உடைத்த கையோடு இன்னொரு கட்டாயத்தைக் கொண்டுவருவது மனிதர்களின் பழக்கம். சில ஆண்டுகளில் "பார்த்தே ஆக வேண்டும், தூக்கியே ஆக வேண்டும்" என்று தாதியர் வற்புறுத்தும் நிலை வந்தது. 2002ல் பேட்ரிஷியா ஹியூஸ் குழுவினரின் ஆய்வு அதில் ஒரு குண்டைப் போட்டது. இறந்த குழந்தையைப் பெற்று, மறுபடி கருவுற்றிருந்த 65 பெண்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். குழந்தையைக் கையில் ஏந்தியவர்களில் 39 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது, பார்க்க மட்டும் செய்தவர்களில் 21, பார்க்காதவர்களில் 6. அப்படியானால் நம் மாமியார்கள் சொன்னதுதான் சரியா? அவசரப்பட வேண்டாம். 2008ல் ஜோவான் கச்சியாடோரி, இங்கெலா ராடெஸ்டாட் முதலியோர் பல நாடுகளைச் சேர்ந்த 2,292 பெண்களிடம் ஆராய்ந்தபோது, பார்த்துத் தூக்கியவர்களுக்குத்தான் பதற்றமும் சோர்வும் குறைவு என்று தெரிந்தது. ஒரு விதிவிலக்கு: அந்தச் சமயத்தில் மறுபடி கருவுற்றிருந்தவர்களுக்கு அந்த நன்மை காணப்படவில்லை. ஹியூஸ் ஆராய்ந்ததோ கருவுற்றிருந்தவர்களை மட்டும்தான்! இரண்டு ஆய்வுகளும் முரண்படுவதாக இப்போதும் எழுதுகிறார்கள். எனக்கு அவை ஒன்றையொன்று விளக்குவதாகவே படுகிறது. அடுத்த கர்ப்பத்தின் ஒன்பது மாதமும் பயத்தின் மாதங்கள். பார்த்த முகம் அப்போது திரும்பத் திரும்ப வரும்.

ஆய்வுகளிலிருந்து நம் வார்டுகளுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. அவளிடம் கேட்க வேண்டும். "பாப்பாவைப் பாக்குறியாம்மா?" என்று. வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை கேட்க வேண்டும். பார்ப்பதற்கு முன் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும்: தோல் உரிந்திருக்கலாம், உதடு கறுத்திருக்கலாம், உடம்பு சில்லென்று இருக்கும். இதற்குப் பணம் தேவையில்லை, புதிய கட்டடம் தேவையில்லை. புதைகுழிக்குப் போவதை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் போதும். பிரசவத்தின்போது ஒரு பெண்துணை கூடவே இருக்கலாம் என்ற ஏற்பாட்டை 2004லேயே அரசு மருத்துவமனைகளில் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. குழந்தை இறந்துவிட்டது என்று முன்கூட்டியே தெரிந்த பிரசவத்தில்தான் அந்தத் துணை அதிகம் வேண்டும்.

இதைவிட எளிய ஒன்று, படுக்கை. இருபது பெண்கள் பிள்ளையோடு படுத்திருக்கும் வார்டில் நடுக்கட்டிலில் அவளையும் போட்டுவிடுகிறார்கள். பக்கத்துக் குழந்தை அழும்போது இவளுக்குப் பால் சுரக்கிறது. உடம்புக்குச் சாவு தெரியாது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததுமே அது தன் வேலையைத் தொடங்கிவிடும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் மார்பு கல்லாகும், காய்ச்சல் அடிக்கும். இதை முன்கூட்டிச் சொல்லி அனுப்பாததால் வீட்டில் நள்ளிரவில் நைட்டி நனைந்து திடுக்கிட்டு விழிக்கிற பெண்கள் உண்டு. நம் ஊர்க் கைவைத்தியம் மல்லிகைப்பூ. சரம் சரமாக மார்பில் வைத்துக் கட்டுவார்கள். பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடாமல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1980களில் இதைப் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரத்தத்தில் புரோலாக்டின் அளவைக் குறைப்பதில் மாத்திரைதான் முந்தியது; ஆனால் பால்கட்டு, பால் சுரப்பு, வலிமாத்திரைத் தேவை ஆகியவற்றில் பூவும் மாத்திரையும் சமமாகவே நின்றன. 1988ல் அது ஆய்விதழில் வெளியானது. தலையில் வைக்க வாங்கிய பூ மார்பில் வாடுவதை நினைத்துப் பார்க்கையில், இந்த ஒரு துக்கத்துக்குத் தமிழ்ப் பெண்கள் தாங்களே கண்டுபிடித்த சடங்கு இது ஒன்றுதானோ என்று தோன்றுகிறது. இன்னொருத்தி வந்து அருகில் உட்கார்ந்து, பேசாமல் கட்டிவிட வேண்டிய சடங்கு. வேறு சிலர் அந்தப் பாலை அரசு மருத்துவமனைத் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்க விரும்பக்கூடும். அதுவும் அவள் முடிவாக இருக்கட்டும், யாரும் தியாகம் என்று பேசி வாங்க வேண்டாம்.

எட்டாம் மாத இழப்புக்காவது ஓர் உடல் உண்டு. எட்டாம் வார இழப்புக்கு அதுவும் இல்லை. மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லாதே, கண் படும் என்பது நம் வழக்கம். அதில் ஒரு தற்காப்பு இருக்கிறது. ஆனால் உண்டானதை யாரிடமும் சொல்லாதவள், கலைந்ததை யாரிடம் சொல்வாள்? கருப்பையைச் சுத்தம் செய்யும் 'டி அண்ட் சி' முடிந்து மறுநாளே அலுவலகம் போய், "உடம்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். இதை ஒரு மாதவிலக்கு தள்ளிப்போனதுபோல எண்ணுகிறவர்களுக்காக ஒரு புள்ளிவிவரம்: லண்டனில் ஜெசிகா ஃபாரன் குழுவினர் 2020ல் வெளியிட்ட ஆய்வில், தொடக்க மாதங்களில் கருவை இழந்த பெண்களில் 29 சதவீதம் பேருக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு விபத்தில் தப்பியவர்களிடம் காணப்படும் வகையான அதிர்ச்சி மனஅழுத்தம் இருந்தது. ஒன்பது மாதம் கழித்தும் 18 சதவீதம் பேரிடம் அது நீங்கவில்லை. ஒன்பது மாதம் என்பது, பிள்ளை தங்கியிருந்தால் பிறந்து முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் காலம்.

துக்கத்தின்மேல் பழி வேறு ஏறும். "பப்பாளி சாப்டியா?" "வண்டில போனியா?" "கிரகணத்தப்ப வெளிய வந்தியா?" கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர், காரணம் தெரிந்தால் மனம் ஆறும் என்று நினைக்கிறார்கள். ஆனால் கேட்கப்படுகிறவளுக்கு அது குற்ற விசாரணை. தொடக்க மாதங்களில் கலையும் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் பிசகால் கலைகின்றன. கருக்கொண்ட கணத்திலேயே தீர்மானமான விஷயம் அது. ஸ்கூட்டியில் போனதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பிந்திய மாதங்களில் ரத்த அழுத்தம், சர்க்கரை, நஞ்சுக்கொடி பிரிதல், வளர்ச்சிக் குறை, தொற்று என்று காரணங்கள் வேறு. மருத்துவர் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கணவனும் மாமியாரும் காதில் வாங்கும்படி, "இது நீங்க செஞ்ச எதனாலயும் வரல" என்று சொன்னால் அதைவிடப் பெரிய ஆறுதல் மருந்து இல்லை. அந்த வாக்கியத்தைத் தாயிடம் மட்டும் தனியாகச் சொல்லிப் பயனில்லை. வீட்டில் விசாரணை நடத்தப்போகிறவர்கள் கேட்க வேண்டும்.

சத்தீஸ்கர் கிராமங்களில் லிசா ராபர்ட்ஸ் என்ற செவிலியர் ஆய்வாளர் பிள்ளையைப் பறிகொடுத்த பெண்களின் துக்கத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். குடும்பமும் ஊரும் நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்து அங்கே அந்தத் துக்கம் கூடுகிறது, குறைகிறது. நம் ஊரில் துக்கத்தைக் கூட்டும் நடத்தையின் கூர்மையான வடிவம் வளைகாப்பில் தெரியும். பறிகொடுத்தவளை அடுத்தவள் வளைகாப்புக்கு அழைக்க மாட்டார்கள். அழைத்தாலும் வளையல் போடக் கூப்பிட மாட்டார்கள். போன ஆண்டு அவளுக்கே இரு கைநிறைய அடுக்கியவர்கள்தான். இதைச் சம்பிரதாயம் என்று சொல்லி மழுப்ப வேண்டியதில்லை. இது தண்டனை.

ஆறுதல் என்று சொல்லப்படுபவற்றையும் ஒருமுறை காதில் வாங்கிப் பாருங்கள். "வயசிருக்கு, அடுத்தது பொறக்கும்." "மூணு மாசந்தானே." "நல்லவேளை, பெரிய உசுரு தப்பிச்சுது." "அழுதா உடம்பு கெட்டுரும்." எல்லாமே பேச்சை முடிப்பதற்கான வாக்கியங்கள். கல்லின் உயரம் தோளுக்கு வர வேண்டும் என்றேனே, இவை தலைக்கு மேலே ஆறடி உயரத்தில் நட்ட கற்கள். எட்டாது. மாறாக, ஒரு பெரியம்மா வந்து, எதுவும் சொல்லாமல் ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு, "எனக்கும் ரெண்டாவதுக்கு முன்னாடி ஒண்ணு போச்சுடி, ஆடி மாசம்" என்று சொல்வது வேறு. நாற்பது ஆண்டு ஆகியும் மாதம் நினைவிருக்கிறது! அந்த 'ஆடி மாசம்' என்ற இரண்டு சொல்லில் மற்றவள் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு கிடைக்கிறது. சாண்ட்ஸ் அமைப்பு அச்சிட்ட கையேடுகளால் செய்வதை நம் பெரியம்மாக்கள் அடுப்படியில் செய்யக்கூடியவர்கள்தான். வெட்கமும் 'அபசகுனம்' என்ற சொல்லும்தான் அவர்கள் வாயைக் கட்டியிருக்கின்றன.

தகப்பனைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நானும் சுருக்கமாகவே எழுதப்போகிறேன். மண் தள்ளியவன் அவன். குளித்துவிட்டு, பிளாஸ்கில் டீ வாங்கிக்கொண்டு, மருந்துக்கடையில் நின்றுவிட்டு, வார்டு வாசலுக்குத் திரும்பி வருகிறான். வருகிறவர்கள் அவனிடம் "அவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்கிறார்கள். குழந்தையின் முகத்தைப் பார்த்தவன் அவன் ஒருவனே என்றால், அது எப்படி இருந்தது என்று அவளுக்குச் சொல்லக்கூடியவனும் அவனே. பல தம்பதிகள் அந்தப் பேச்சைப் பேசாமலே பல ஆண்டு ஓட்டிவிடுகிறார்கள். தனியார் துறையில் அவனுக்கு இதற்கென்று சட்டப்படி ஒரு நாள் விடுப்பும் கிடையாது.

அவளுக்கு உண்டு, ஆனால் பலருக்குத் தெரியாது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு பலன் சட்டம் வகுத்தபடி, 26ஆவது வாரத்துக்குள் கரு கலைந்தால் சம்பளத்தோடு ஆறு வாரம் விடுப்பு. அதனால் உடல்நலம் கெட்டால் மேற்கொண்டு ஒரு மாதம்வரை. அந்த வாரத்தைத் தாண்டினால் அது பிரசவம். 'குழந்தை' என்ற சொல்லில் இறந்து பிறந்ததும் அடங்கும் என்று சட்டமே சொல்லியிருப்பதால் முழு மகப்பேறு விடுப்புக்கும் உரிமை உண்டு. மத்திய அரசு ஊழியருக்குக் குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்தவுடன் இறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்பு என்று 2022 செப்டம்பரில் ஆணை வந்தது. அந்த ஆணை தாயின் மன அதிர்ச்சியையே காரணமாகக் காட்டியது குறிப்பிடத்தக்கது. நியூசிலாந்து 2021ல் கருச்சிதைவுக்கு மூன்று நாள் துக்க விடுப்பு என்று சட்டம் இயற்றியபோது உலகமே பாராட்டியது. தாள் அளவில் நம் ஆறு வாரம் எவ்வளவோ மேல். கேட்டு வாங்குகிறவர்கள்தான் குறைவு, ஏனெனில் கேட்டால் அலுவலகத்துக்கே தெரிந்துவிடும்.

சிகிச்சை என்று வரும்போது ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். குழந்தையை இழந்த குடும்பங்களுக்கு எந்த வகை ஆதரவு பலனளிக்கிறது என்று காக்ரேன் அமைப்பு 2013ல் ஆய்வுகளைத் தொகுத்தபோது, அதன் அளவுகோலுக்குத் தேறிய ஒரு சோதனை ஆய்வுகூடக் கிடைக்கவில்லை. ஆகவே 'இந்த முறைதான் நிரூபணமானது' என்று விற்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். ஆனால் பக்கத்துத் துறையில் நம்பிக்கை தரும் சான்று உண்டு. பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் குழுவினர், மனநலப் படிப்பு ஏதுமில்லாத சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளின் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரசவமாகி ஆறு மாதத்தில் சோர்வு நீடித்தவர்கள் 23 சதவீதம். வெறும் வழக்கமான வருகை மட்டும் பெற்றவர்களில் 53. லான்செட் 2008ல் வெளியிட்டது. துக்கமும் மனச்சோர்வும் ஒன்றல்ல என்றாலும், வீட்டுப்படி ஏறி வரும் ஒரு பெண் செய்யக்கூடியது எவ்வளவு என்பதை அது காட்டியது.

தமிழ்நாட்டில் அந்தப் பெண் ஏற்கெனவே இருக்கிறார். கர்ப்பம் பதிவானதும் பிக்மி என்ற பதிவு எண் கொடுத்து, மாதாமாதம் எடை பார்த்து, தடுப்பூசி போட்டு, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பியவர் கிராம சுகாதார செவிலியர்தான். குழந்தை இறந்ததும் அவருடைய பதிவேட்டில் ஒரு கட்டம் மூடப்படுகிறது. மூடப்படாமல், ஒரு வாரத்தில் ஒன்று, ஆறாவது வாரத்தில் ஒன்று என்று இரண்டு வருகை சேர்த்தால் போதும். கேட்பதற்கு ஒரு கேள்வித்தாளும் தயாராக இருக்கிறது: பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோல். பத்தே கேள்விகள். அதன் தமிழ் வடிவத்தை வேலூர் ஆய்வாளர்கள் 2005ல் சரிபார்த்து வெளியிட்டார்கள். அதில் நான் கவனித்த ஒன்று: பத்துக் கேள்வியிலும் குழந்தை என்ற சொல் வருவதே இல்லை. கையில் குழந்தை இல்லாதவளிடமும் தயங்காமல் கேட்கலாம்.

துக்கம் நோயல்ல. அழுகை, தூக்கமின்மை, அடுத்தவர் குழந்தையைப் பார்க்கச் சகிக்காமை, தெருவைச் சுற்றிப் போவது, இவை எல்லாம் சில மாதம் இருக்கும். ஆனால் சாப்பாடு இறங்காமல், படுக்கையை விட்டு எழ முடியாமல் வாரக்கணக்கில் நீண்டால், அந்த ஸ்கேன் அறை பட்டப்பகலில் திரும்பத் திரும்ப வந்தால், "நானும் போயிருக்கலாம்" என்ற பேச்சு வந்தால், காத்திருக்கக் கூடாது. மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை. 104க்கும் அழைக்கலாம்.

கடைசியாக ஒரு காகிதம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969. 'பிறப்பு' என்றால் உயிரோடு பிறப்பதும் இறந்து பிறப்பதும்தான் என்று அதன் இரண்டாம் பிரிவு சொல்கிறது. 28 வாரம் கடந்து இறந்து பிறந்ததைப் பதிவு செய்ய மூன்றாம் எண் படிவம் இருக்கிறது. அதில் தேதி, ஆணா பெண்ணா, தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த இடம், கர்ப்ப காலம், இறப்பின் காரணம் எல்லாம் கேட்கிறார்கள். குழந்தையின் பெயருக்கு மட்டும் இடமில்லை. நான்கு மாதம் கடந்த கருவுக்குப் பெயரிட்டுக் குளிப்பாட்டி அடக்கம் செய்யச் சொல்லும் இஸ்லாமியச் சட்டநூல்கள் உண்டு. இங்கிலாந்து 2024 பிப்ரவரி முதல், 24 வாரத்துக்கு முன் போன கருவுக்கும் பெற்றோர் விரும்பினால் பெயரோடு ஒரு சான்றிதழ் தருகிறது. வளைகாப்புக்கு முன்பே ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று பெயர் யோசித்து வைக்காத வீடு நம்மிடம் எத்தனை? மூன்றாம் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் சேர்க்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. மத்திய அரசின் ஒப்புதலோடு மாநில அரசு தன் விதிகளைத் திருத்தினால் போதும்.